ஃபிளெக்ஸை இறக்கிவிட்டு எண்ணெய் ஓவியம் மாட்டினேன்

மாயவரத்தில் எனக்கு ஒரு சின்ன இனிப்புக் கடை. கல்லாவுக்குப் பின்சுவரில் தொங்கிய ஃபிளெக்ஸை இறக்கிவிட்டு, கும்பகோணத்து ஓவியர் ஒருவரிடம் சொல்லி, எண்ணெய்ச் சாயத்தில் ஓர் இனிப்புப் படம் வரைந்து வாங்கி மாட்டியிருக்கிறேன். இரண்டடி உயரம், மூன்றடி அகலம், கேன்வாஸ் துணி. கூலி ரூ.18,000. சட்டம் தனியாக ரூ.2,400. என்னைப் போலக் கடை வைத்திருக்கிற சிலர் வந்து பார்த்துவிட்டு, நாமும் இப்படி ஒன்று சொல்லலாமா என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு எழுதியே போட்டுவிடலாம் என்றுதான் இது.

ஓவியர் பெயரைப் போடவில்லை. கையில் இருக்கிற வேலையே முடியவில்லை, இன்னும் ஆள் அனுப்பாதீர்கள் அண்ணே என்று அவரே சொல்லிவிட்டார். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்துவிட்டு, கோயில் வேலை, திருமண மண்டப வேலை என்று செய்துகொண்டிருக்கும் பிள்ளைகள் டெல்டா முழுக்க இருக்கிறார்கள். விசாரித்தால் கிடைப்பார்கள்.

முதலில் அந்த ஃபிளெக்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். அச்சடித்துக் கொடுத்தவர் கணினியில் 'இனிப்பு' என்று தேடி எடுத்த படங்களை ஒட்டிக் கொடுத்திருந்தார். வெள்ளித்தாள் போட்ட காஜு கத்லி, ரசகுல்லா, அப்புறம் மொறுமொறு ஜிலேபி. இதில் ஒன்றுகூட என் கடையில் போடுவது கிடையாது. நான் போடுவது அசோகா, ஜாங்கிரி, லட்டு, மைசூர்பாகு, பாதுஷா. தீபாவளி நெருங்கினால் அதிரசம். வெளியூர்க்காரர் யாராவது வந்தால் சுவரைக் காட்டி ரசகுல்லா கேட்பார். இல்லை என்றால், படத்தில் இருக்கிறதே என்பார். இரண்டு வெயில் பட்டதும் சிவப்பெல்லாம் ஓடிப்போய், எல்லாப் பண்டமும் ஒரே நீலமாகத் தெரிய ஆரம்பித்தது. நீல ரசகுல்லாவுக்குக் கீழே உட்கார்ந்து வியாபாரம் செய்ய எனக்குப் பிடிக்கவில்லை.

ஓவியரிடம் நான் கேட்டது சாதாரணமான விஷயம். சாமி வேண்டாம், மயில் வேண்டாம், வாழ்த்து எழுத்து வேண்டாம். கண்ணாடிப் பெட்டிக்குள் சரக்கு எப்படி இருக்கிறதோ அப்படியே வேண்டும். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இதைத்தான் தம்பி படித்த காலத்திலிருந்து வரைய ஆசைப்பட்டிருக்கிறார். கேட்க ஆள் இல்லை. உடனே கைப்பேசியை எடுத்து ஒவ்வொரு படமாகக் காட்ட ஆரம்பித்தார்.

அதில் நிறைய வந்தது வெய்ன் தீபோ என்ற அமெரிக்கரின் படங்கள். 1920-இல் பிறந்து 2021-இல் 101 வயதில் போனவர். கலிஃபோர்னியாவில் ஆசிரியராக இருந்துகொண்டே வரைந்தவர். கேக், பழம் அடைத்துச் சுடும் 'பை' பலகாரம், ஐஸ்கிரீம், மிட்டாய்க் கடைக் கண்ணாடி, இதெல்லாம்தான் அவருக்கு விஷயம். 1962-இல் நியூயார்க்கில் வைத்த கண்காட்சிக்குப் பிறகுதான் பெயர் பரவியது. 1963-இல் வரைந்த 'கேக்குகள்' என்ற படம் இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஐந்தடிக்கு ஆறடி. அதில் வேறு ஒன்றுமில்லை: வரிசையாக நிறுத்திய கேக்குகள், வெளுத்த பின்புலம், ஒவ்வொரு கேக்குக்கும் கீழே ஒரு நீல நிழல். சிறு வயதில் லாங் பீச் என்ற ஊரில் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்திருக்கிறார். பின்னால் கேக் வரையும்போது எதிரே கேக் வைத்துக்கொண்டு வரையவில்லையாம், நினைவிலிருந்தே வரைந்தாராம். இதைக் கேட்டதும் எனக்கு அந்த மனுஷன்மேல் ஒரு மரியாதை வந்தது. கடையில் நின்றவனுக்கு அடுக்கு எப்படி இருக்கும் என்பது தூக்கத்திலும் தெரியும்.

அவருடைய இன்னொரு படம், பின்பால் விளையாட்டு யந்திரங்கள் நான்கை வரைந்தது, 2020-இல் ஏலத்தில் 1.9 கோடி டாலருக்கு மேல் போயிருக்கிறது. டாலர். இதைச் சொல்லிவிட்டு தம்பி தன் கூலியைச் சொன்னார். பேரம் பேச வாய் வரவில்லை. நல்ல வியாபாரிதான்.

இன்னும் பழையதும் காட்டினார். ஷார்தான் என்ற பிரெஞ்சுக்காரர் 1763-இல் வரைந்த ஒரு பிரியோஷ் ரொட்டி, உச்சியில் ஆரஞ்சு மரத்துப் பூங்கொத்து செருகியது. பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கும் முந்தி, 1627-இல், ஸ்பெயினில் வான் டெர் ஹாமென் என்பவர் இனிப்புகளையும் மண்பாண்டங்களையும் படிப்படியாக அடுக்கி வரைந்திருக்கிறார், நம் வீட்டுக் கொலு மாதிரியே. மரச்சில்லில் செய்த வட்டப் பெட்டிகள், உள்ளே என்ன மிட்டாயோ, மூடியே இருக்கின்றன. திறந்து வைத்திருக்கலாம் என்று எனக்கு ஆதங்கம்.

சரி, நம் படத்துக்கு வருகிறேன்.

தீபோ நினைவிலிருந்து வரைந்தாலும் இந்தத் தம்பிக்குப் பண்டம் எதிரே இருந்தாக வேண்டும். உட்காரும் ஒவ்வொரு தடவையும் புதுச் சரக்கு அனுப்ப வேண்டும் என்பது முதல் நிபந்தனை. இது நியாயமான நிபந்தனை என்று எங்கள் தொழில் தெரிந்தவர்களுக்குப் புரியும். அசோகா ஆறினால் நெய் உறைந்து மேலே வெண்மை தட்டிவிடும். ஜாங்கிரி ஐப்பசி ஈரக்காற்றில் பாகைக் கக்கி, தட்டில் குளம் கட்டி நிற்கும். மைசூர்பாகு மட்டும்தான் அசையாமல் உட்கார்ந்து கொடுக்கும். எறும்பைச் சொல்லவே வேண்டாம். தட்டைத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிறுத்தி வைத்து வரைந்தார். அந்தச் சரக்குக் கணக்கைக் கூலியோடு சேர்த்துப் பாருங்கள், அப்போதுதான் உண்மையான விலை தெரியும். வரைந்து முடித்த பண்டம் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை, அவர் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

அசோகாதான் படத்தின் நடு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் படத்துக்குக் கொடுத்த காசு இந்த ஒரு இடத்திலேயே எனக்கு வந்துவிட்டது.

தெரியாதவர்களுக்காக: அசோகா என்பது பாசிப்பருப்பு அல்வா. திருவையாறு பேர்போனது, தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் இலையின் ஓரத்தில் முதலில் விழுவது. பருப்பைக் குழைய வேகவைத்து மசித்து, கோதுமை மாவை நெய்யில் வறுத்து, சர்க்கரையும் சேர்த்துக் கிளற வேண்டும். கிளறிக் கிளறி ஒரு கட்டத்தில் வாணலியில் ஒட்டாமல் சுருண்டு வரும், குடித்த நெய்யை ஓரத்தில் திருப்பிக் கக்கும். அந்த நிமிஷம் இறக்க வேண்டும். முந்தினால் பருப்பு வாசனை அடிக்கும், பிந்தினால் இறுகிப்போகும். புகைப்படத்தில் இந்தப் பதம் தெரியாது. பளபளப்பாக ஒரு ஆரஞ்சு உருண்டை தெரியும், அவ்வளவுதான். கேசரியா, அல்வாவா, அசோகாவா என்று எங்களாலேயே சொல்ல முடியாது.

தம்பி முதலில் வரைந்ததும் அப்படித்தான் இருந்தது. ஆறிய அசோகாவைப் பார்த்து வரைந்திருந்தார். விடியற்காலையில் அடுப்படிக்கு வாருங்கள் என்றேன். வந்தார், கும்பகோணத்திலிருந்து முதல் பஸ் பிடித்து. வாணலி ஓரத்தில் நின்று, எங்கள் சரக்கு மாஸ்டர் கரண்டியைப் போட்டு எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அசோகாவில் விழும் தடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். போய், வரைந்ததைச் சுரண்டிவிட்டார். அதன் பிறகு அந்த இடத்தைத் தூரிகையால் வரையவே இல்லை. சாயத்தைக் கெட்டியாக எடுத்து, கொத்தனார் கரண்டியின் குட்டிபோல ஒரு கத்தி இருக்கிறதே, அதனால் வழித்து வழித்துப் போட்டார். கரண்டி அசோகாவில் விட்ட தடமும் கத்தி சாயத்தில் விட்ட தடமும் ஒன்றுதான். கிட்டே போய்ப் பார்த்தால் சாயம் கால் அங்குலம் புடைத்து நிற்கிறது. தீபோவின் படங்களிலும் கேக்கின் கிரீமை இப்படித்தான் சாயத்தாலேயே பூசியிருப்பார், அங்கிருந்து எடுத்ததுதான் என்று தம்பி ஒளிக்காமல் சொன்னார். ஓரத்தில் கசியும் நெய்க்கு எண்ணெய் கூட்டிய மெல்லிய மஞ்சள், அதன்மேல் வெள்ளையில் ஒரே ஒரு கீற்று. எங்கள் மாஸ்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு கிளறு போயிருக்கலாம்" என்றார். படத்தைப் பார்த்துப் பதம் சொல்ல முடிகிறது என்றால் அதற்குமேல் என்ன வேண்டும்?

இதில் ஒரு தொல்லையும் உண்டு. இனிப்பில் போடும் செயற்கை நிறம் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. நான் அதற்கும் குறைவாகத்தான் போடுகிறேன். தம்பிக்கு அப்படி ஒரு விதி கிடையாது, கேட்மியம் ஆரஞ்சை அள்ளிப் போட்டிருக்கிறார். இப்போது வாடிக்கையாளர் சுவரையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன, இன்னிக்கு அசோகா வெளுத்திருக்கு?" என்கிறார்கள். வரைய வைக்கிறவர்கள் நிறத்தைக் கொஞ்சம் அடக்கச் சொல்லிவிடுங்கள்.

ஜாங்கிரிக்குக் கீழே நீல நிழல் போட்டிருக்கிறார். ஊதாவோடு சேர்ந்த நீலம். என் வீட்டில் இதற்கு ஒப்புதல் இல்லை. "பூஞ்சை பிடிச்ச மாதிரி இருக்கு" என்று தீர்ப்பு. தம்பியின் கணக்கு வேறு: ஆரஞ்சுக்கு நேர் எதிர் நிறம் நீலம், பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும், கறுப்பில் நிழல் போட்டால் பண்டம் செத்துப்போகும். இரவு கடையில் வெள்ளை எல்.இ.டி. வெளிச்சத்தில் எவர்சில்வர் தட்டைக் குனிந்து பார்த்தேன். ஜாங்கிரிக்கு அடியில் நிழல் நீலமாகத்தான் இருக்கிறது. பண்டத்தின் விளிம்பில் மெல்லிய பச்சைக் கோடும் சிவப்புக் கோடும் இழுத்திருக்கிறார், அதுவும் தீபோவின் கைவழக்கம்தான். தூரத்திலிருந்து பார்த்தால் கோடு தெரியாது, ஜாங்கிரி விளிம்பு மட்டும் துடித்துக்கொண்டு நிற்கும். உளுந்து மாவின் முறுக்கு, நடுச்சுற்று, வெளிச்சுற்று எல்லாம் சரியாக விழுந்திருக்கிறது. ஜிலேபி ஆகிவிடவில்லை. அதற்கே ஒரு கும்பிடு.

மைசூர்பாகில்தான் சண்டை. நாங்கள் போடுவது பழைய முறை, துளை விழுந்த மைசூர்பாகு. பாகில் கடலைமாவைத் தூவிக் கிளறும்போது, கொதிக்கிற நெய்யை ஊற்ற ஊற்றப் பொங்கும். அந்தப் பொங்கல்தான் துளை. தட்டில் கொட்டிய பிறகும் நடுவில் சூடு நிற்கும், அதனால் வெட்டினால் மேலும் கீழும் மஞ்சள், நடுவில் ஒரு சிவந்த பட்டை. தம்பி வரைந்திருந்ததோ முழுக்க ஒரே மஞ்சள், அதில் தூரிகை நுனியால் புள்ளி புள்ளியாகக் குத்திய துளைகள். பாத்திரம் தேய்க்கும் பஞ்சு என்று சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. ஒரு துண்டை அவர் எதிரிலேயே வெட்டி, துளைகள் மேல்நோக்கி நீண்டு இருப்பதையும், நடுப்பட்டையையும் காட்டினேன். எண்ணெய்ச் சாயம் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லையாம். ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி மெதுவாக இறுகுகிறது. அதனால் பல நாள் ஈரமாகவே இருக்கும், சுரண்டித் திருத்த முடியும். திருத்தினார். நடுப்பட்டை வந்தது. துளைகள் இன்னும் எனக்குத் திருப்தியில்லை, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

லட்டு நன்றாக இருக்கிறது. பாதுஷா சுமார். மடிப்பு சரி, மேலே பூத்த சர்க்கரை சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது.

ஒரு குறும்பு செய்திருக்கிறார். உதிரியாக விற்கும் இனிப்புக்கும் 'இந்தத் தேதிக்குள் சாப்பிடவும்' என்று தட்டின் முன்னால் எழுதி வைக்க வேண்டும் என்று 2020 அக்டோபர் 1 முதல் விதி வந்தது அல்லவா, அந்தச் சின்ன அட்டையையும் ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் விடாமல் வரைந்திருக்கிறார். தேதி இருக்க வேண்டிய இடம் காலி. ஏன் தம்பி என்றால், "உங்க சரக்குக்கு இருக்கு, என் சரக்குக்கு இல்லண்ணே" என்கிறார். பேச்சுக்குக் குறைவில்லை.

பேச்சைப் போலக் கை வேகமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆடியிலேயே முன்பணம் கொடுத்தாயிற்று. எனக்கு வேண்டியது ஐப்பசிக் கடைசிக்கு முன்னால். மாயவரத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: ஐப்பசி மாதம் முழுக்கக் காவிரித் துலாக்கட்டத்தில் முழுக்கு, கடைசி நாள் கடைமுகம். அன்றைக்கு ஊர் தாங்காத கூட்டம், எங்களுக்கும் அன்றைக்குத்தான் கை ஓயாத வியாபாரம். அந்தக் கூட்டம் பார்க்கட்டும் என்றுதான் அவசரப்பட்டேன். மழைக்காலத்தில் சாயம் காயவில்லை, மேல்பூச்சு இறுகவில்லை என்று ஒவ்வொரு காரணமாக வந்தது. காயாது என்பது உண்மைதான், ஈரக்காற்றில் நமக்கே வடகம் காயவில்லை. ஆனால் மழை ஐப்பசியில் வரும் என்பது ஆடியிலேயே தெரிந்த விஷயம். கடைமுகத்துக்குச் சுவர் வெறுமையாகவே இருந்தது. படம் வந்தது கார்த்திகை பிறந்த பிறகு. கடைமுகத்துக்குத் தாமதமாக வந்து சேர்ந்த முடவனுக்கும் பலன் உண்டு என்று கார்த்திகை ஒன்றாம் தேதி முடவன் முழுக்கு என்று வைத்திருக்கிறது எங்கள் ஊர். ஓவியருக்கும் அந்தச் சலுகையைக் கொடுத்துத்தான் மீதிப் பணத்தைத் தந்தேன். நீங்கள் சொல்வதானால் தை, மாசியில் வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள். வெயிலும் இருக்கும், பண்டமும் கெடாது.

மாட்டிய பிறகு வந்த முதல் கேள்வி: "தங்கம் இல்லையா?" தஞ்சாவூர்ச் சீமையில் படம் என்றால் பலகையில் சுண்ணப் பசை புடைத்து, தங்க ரேக்கு ஒட்டி, கல் பதித்த சாமி படம்தான். இருபதாயிரம் கொடுத்து லட்டு வரைந்து வாங்குவானா என்று கேட்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், அந்தத் தஞ்சாவூர்ப் படங்களில் தவழும் கிருஷ்ணன் கையில் வெண்ணெய் உருண்டையும் பக்கத்தில் வெண்ணெய்த் தாழியும் இல்லாத படம் எத்தனை இருக்கிறது? தின்பண்டத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்த ஊர்தான் இது. கிருஷ்ணனை மட்டும் நகர்த்திவிட்டோம், அவ்வளவுதான். இந்தப் பதிலைச் சொன்னால் பெரியவர்கள் சிலருக்குக் கோபம் வருகிறது, அதனால் ஆள் பார்த்துச் சொல்கிறேன்.

வியாபாரம் கூடியதா என்றால், கூடியது என்று புளுக மாட்டேன். பொங்கல் சமயத்து விற்பனைக்குப் படம் காரணமா கரும்பு விலை காரணமா என்று யார் பிரித்துச் சொல்வது. ஆனால் ரசகுல்லா கேட்பது நின்றுவிட்டது. பொட்டலம் கட்டும் நேரத்தில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் இப்போது சுவரைப் பார்க்கிறார்கள். ஒரு அம்மா படத்தின் ஓரத்தில் இருக்கும் தொன்னையைக் காட்டி, "அந்த அளவு குடு, ருசி பாக்கறேன்" என்றார். படத்தில் இருக்கும் தொன்னை பெரியது. கொடுத்துவிட்டேன்.

பராமரிப்புதான் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது. அடுப்படிப் புகையும் எண்ணெய் ஆவியும் படும் சுவரில் மாட்டவே மாட்டாதீர்கள், மேலே பிசுக்குப் படிந்தால் தூசி ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணி கூடாது; காய்ந்த மெல்லிய துணியால் தட்டிவிட்டால் போதும். மழைக்காலத்தில் எங்கள் பக்கத்துச் சுவர்கள் ஓதம் ஏறும், அதனால் சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் சின்ன மரக்கட்டை வைத்துச் சுவரிலிருந்து விலக்கி மாட்டியிருக்கிறோம், காற்று போய் வரும். கண்ணாடி போடவில்லை, போட்டால் டியூப்லைட்தான் தெரியும். நல்ல வார்னிஷ் ஆறு மாதம் கழித்து, சாயம் உள்ளேயும் இறுகிய பிறகுதான் பூச வேண்டுமாம். அதற்கு வருவதாகத் தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறார், கூலியில் அடக்கம். எழுதி வாங்கிக்கொண்டேன், நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். தாமதத்துக்கு ஒன்று போயிற்று, பாதுஷாவுக்கு அரை. அடுத்ததாக அதிரசம் மட்டும் ஓரடிக்கு ஓரடியில் வேண்டும் என்று வீட்டில் கேட்கிறார்கள், கடைக்கு இல்லை, கூடத்துக்கு. ரூ.6,000 சொல்லியிருக்கிறார். வெல்லப்பாகு நிறம் சாயத்தில் வருமா என்று ஒரு சின்ன மாதிரி போட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறேன். அது வந்த பிறகு முன்பணம்.